ஈஎஸ்ஏ காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடலாமா? சாண்ட்லர் அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, நாங்க அரிசோனால சாண்ட்லர்ல இருக்கோம். பையனுக்கு 8 வயசு, இங்கயே பொறந்தவன், டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல மூணாவது படிக்கிறான். நாலு வயசுல டாக்டர் ஆட்டிசம்னு சொன்னாங்க, ஆனா அந்த ரிப்போர்ட்ட நாங்க ஸ்கூல்ல காட்டவே இல்ல, பேர் விழுந்துடும்னு பயம். அதனால ஐஇபில (ஸ்பெஷல் எட் பிள்ளைக்கு ஸ்கூல் எழுதித் தர்ற தனித் திட்டம்) ஸ்பீச் பிரச்சனைன்னு மட்டும்தான் இருக்கு. வாரம் ஒரு மணி நேரம் ஸ்பீச், அரை மணி ஓடி (ஆக்குபேஷனல் தெரப்பி), ரீடிங்குக்கு தினம் அரை மணி தனியா எடுக்கறாங்க. இப்ப ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூல்ல சீட் கிடைச்சிருக்கு, கிளாஸ்ல 14 பசங்கதான், ஃபீஸ் 12,500 டாலர். "ஈஎஸ்ஏ போடுங்க, மிச்சம் கொஞ்சம்தான் வரும்"னு ஆஃபீஸ்ல சொன்னாங்க, அதான் பப்ளிக் ஸ்கூல விட்டு வெளில போற பிள்ளையோட படிப்பு செலவுக்கு ஸ்டேட் தர்ற பணம். வாட்ஸ்அப் குரூப்ல ஆட்டிசம்னா 30,000 வரும்ங்கறாங்க. அப்ளை பண்ணிட்டோம், காண்ட்ராக்ட் மெயில் வந்திருக்கு, அவர் கையெழுத்துப் போடுன்னு சொல்றார். பொண்ணு ஆறாவது, சார்ட்டர் ஸ்கூல் (ஸ்டேட் பணத்துல தனியா நடக்கற ஃபீஸ் இல்லாத ஸ்கூல்), அவளுக்கும் வாங்கி மேத்ஸ் கிளாஸ் ஃபீஸ் கட்டலாமா? நாங்க எச்1பி, ஐ140 அப்ரூவ் ஆகி கிரீன் கார்டுக்கு வெயிட்டிங், இதனால ஏதாவது ஆகுமா? டல்லாஸ்ல இருக்கற நாத்தனார் குலுக்கல்ல வந்தாதான் கிடைக்கும்னு வேற சொல்றாங்க. குழப்பமா இருக்குக்கா.

பதில்:

கையெழுத்த இப்ப போடாதீங்கம்மா. வேணவே வேணாம்னு சொல்லல, இப்ப வேணாம்னுதான் சொல்றேன், ஏன்னா நீங்க செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கு, அத முடிக்காம போட்டா உங்க பையனுக்கு வர வேண்டிய பணமும் வராது, இப்ப இருக்கற உரிமையும் போயிடும்.

வாட்ஸ்அப் குரூப்ல சொன்னது பொய் இல்ல, ஆனா பாதி. அரிசோனால ஈஎஸ்ஏ பணம் எவ்வளவுங்கறத டாக்டர் சீட்டு தீர்மானிக்கறது இல்ல, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட எவால்யுவேஷன் டீம் எழுதற மெட் ரிப்போர்ட்ல எந்த வகைன்னு போட்டிருக்காங்களோ அதுதான் பெரும்பாலும் தீர்மானிக்குது. சார்ட்டர் ஸ்கூலுக்கு அந்தப் பிள்ளைக்காக ஸ்டேட் எவ்வளவு கொடுத்திருக்குமோ அதுல 90 சதவீதம், இதுதான் கணக்கு. ஸ்பெஷல் எட் தேவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு இது வருஷத்துக்கு 7,000, 8,000 டாலர்ல நிக்கும். ஆட்டிசம்ங்கற வகைன்னா 30,000 பக்கத்துல போகும், சில பேருக்கு அதுக்கு மேலயும் வரும். ஸ்பீச் மட்டும்னா? முதல்ல சொன்ன தொகையவிட கொஞ்சம்தான் கூட, அவ்வளவுதான். உங்க பையன் பேப்பர்ல இன்னைக்கு ஸ்பீச் பையன். வீட்ல ஃபைல்ல டாக்டர் ரிப்போர்ட் எத்தனை பக்கம் இருந்தாலும் ஃபீனிக்ஸ்ல எஜுகேஷன் டிபார்ட்மெண்ட் பாக்கறது முக்கியமா மெட்டையும் ஐஇபியையும்தான்.

நான் ஸ்பெஷல் எட் டீச்சரா இருந்துட்டு இப்ப குடும்பங்களோட ஐஇபி மீட்டிங்குக்கு கூடப் போய் உக்கார்ற ஆளு, நம்ம ஊர் குடும்பங்கள்ல இத திரும்பத் திரும்பப் பாக்கறேன், டாக்டர் ரிப்போர்ட் பீரோல இருக்கும், ஸ்கூலுக்குத் தெரியாது, பாட்டி தாத்தாவுக்குத் தெரியாது, சில வீட்ல அப்பாவே "லேட்டாதான் பேசுவான், நானும் அப்படித்தான்"னு சொல்லிட்டு இருப்பார். உங்க பயம் எனக்குப் புரியுது, திட்டறதுக்கு சொல்லல. ஆனா அந்தப் பேர் ஸ்கூல் ஃபைல்ல இல்லாததால அவனுக்கு என்ன விட்டுப் போச்சுன்னு பாருங்க, ஸ்பீச் டீச்சர் அவன் உச்சரிப்பத் திருத்திட்டு இருப்பாங்க, பிரேக்ல மத்த பசங்களோட எப்படி சேர்றது, சத்தம் அதிகமானா என்ன பண்றது, கிளாஸ் மாறும்போது ஏன் அழறான், இதுக்கெல்லாம் ஐஇபில ஒரு கோல் கூட இருக்காது. பணம் அப்புறம், இதுக்கே அந்த ரிப்போர்ட் வெளில வரணும்.

அதனால முதல் வேலை, ஸ்கூலுக்கு எழுத்துல ரீ-எவால்யுவேஷன் கேளுங்க. வாய்ல சொன்னா கணக்குல வராது, மெயில் போதும். பிரின்சிபாலுக்கும் ஸ்பெஷல் எட் கோஆர்டினேட்டருக்கும் சேர்த்து அனுப்புங்க. மெயில்ல பையன் பேரு, பிறந்த தேதி, "சந்தேகப்படற எல்லா வகைலயும், குறிப்பா ஆட்டிசத்துக்கு, முழு எவால்யுவேஷன் வேணும்"ங்கற வரி, டாக்டர் ரிப்போர்ட் அட்டாச்மெண்ட், இவ்வளவு இருந்தா போதும், உருக்கமா நாலு பாரா எழுத வேணாம். அரிசோனா விதிப்படி எழுத்துல கேட்ட நாள்ல இருந்து 15 ஸ்கூல் நாளுக்குள்ள அவங்க வேலைய ஆரம்பிக்கணும், இல்ல ஏன் முடியாதுன்னு எழுத்துல காரணம் கொடுக்கணும். புது டெஸ்ட் வேணும்னு முடிவானா உங்ககிட்ட கன்சென்ட் கையெழுத்து கேப்பாங்க, அதுல இருந்து 60 நாள், இது காலண்டர் நாள். டாக்டர் ரிப்போர்ட்ட டீம் பாத்தே ஆகணும், ஆனா டாக்டர் சொன்னத அப்படியே ஒத்துக்கணும்னு இல்ல, படிப்புல, கிளாஸ்ல பழகறதுல இது எப்படி பாதிக்குதுன்னு அவங்களும் பாப்பாங்க. அவங்க முடிவு உங்களுக்கு சரியாப் படலைன்னா டிஸ்ட்ரிக்ட் செலவுல வெளில ஒரு ஆள வெச்சு தனி எவால்யுவேஷன் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. இந்த உரிமையெல்லாம் அவன் பப்ளிக் ஸ்கூல் பையனா இருக்கற வரைக்கும் கைல பலமா இருக்கும். வெளில போனதுக்கப்புறமும் டெஸ்ட் பண்ணச் சொல்லி கேக்கலாம்தான், சட்டம் அனுமதிக்குது, ஆனா அப்ப நீங்க அவங்க லிஸ்ட்ல இல்லாத பிள்ளையோட அம்மா, தினம் அவனப் பாக்கற டீச்சர்னு அங்க யாரும் இருக்க மாட்டாங்க.

இப்ப காண்ட்ராக்ட்டுக்கு வரேன். அது நீளமா இருக்குன்னு யாரும் படிக்கறதில்ல, செக்பாக்ஸ் தட்டி தட்டி கீழ போயிடறாங்க. அதுல இருக்கற முக்கியமான விஷயம், உங்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு இந்தப் பிள்ளைய படிக்க வைக்கற பொறுப்புல இருந்து நீங்க விடுதலை கொடுக்கறீங்க. ஊர்ல அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து பணம் வாங்கிக்கற மாதிரிதான் இது, பணம் வரும், ஆனா அந்த நிலத்துல இனி போய் நிக்க முடியாது. ஐஇபி சட்டப்படி நடக்கலைன்னா கம்ப்ளெயிண்ட் போடறது, டியூ பிராசஸ் ஹியரிங் (டிஸ்ட்ரிக்ட் மேல முறையான விசாரணை) கேக்கறது, இதெல்லாம் பிரைவேட் ஸ்கூல்ல இல்ல. அந்த ஸ்கூலுக்கு ஐஇபிங்கற பேப்பர் ஒரு தகவல் மட்டும்தான், கட்டளை இல்ல. பிடிக்கலைன்னா நடுவுல கூட "எங்களால மேனேஜ் பண்ண முடியல, வேற இடம் பாருங்க"ன்னு சொல்லிடலாம், பேரண்ட் ஹேண்ட்புக்ல அதுக்கு ஒரு வரி எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க. ஸ்கூல் சாய்ஸ்னு பேரு வெச்சிருந்தாலும் சேர்த்துக்கறதா வேணாமாங்கற சாய்ஸ் ஸ்கூலுக்குத்தான் இருக்கு, அத யாரும் மேடைல சொல்றதில்ல.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாக்கலாம். தெரப்பி ரேட் இடத்துக்கு இடம் மாறும், நான் மணிக்கு 130 டாலர்னு வெச்சுக்கறேன், நீங்க உங்க ஏரியால கேட்டு மாத்திக்கோங்க. இப்ப ஸ்கூல்ல வர்ற ஸ்பீச் வாரம் ஒரு மணி, 36 வாரம், 4,680 டாலர். ஓடி வாரம் அரை மணி, 2,340. ரீடிங் தினம் அரை மணி, 180 நாளுக்கு 90 மணி நேரம், ட்யூட்டருக்கு மணிக்கு 60ன்னு வெச்சா 5,400. மொத்தம் 12,420 டாலர், இவ்வளவும் இன்னைக்கு நீங்க ஒரு சென்ட் கொடுக்காம வந்துட்டு இருக்கு, பஸ் இருந்தா அது தனி. இதோட பிரைவேட் ஃபீஸ் 12,500 சேருங்க, 24,920. ஸ்பீச் வகைல ஈஎஸ்ஏ ஒரு 8,000 வந்தா கைல இருந்து வருஷத்துக்கு கிட்டத்தட்ட 17,000 போகும். "மிச்சம் கொஞ்சம்தான்"னு ஆஃபீஸ்ல சொன்னாங்களே, அவங்க தெரப்பிய கணக்குல சேக்கவே இல்ல, ஃபீஸ் மட்டும் பாத்தாலே 4,500 குறையுது. அதே பையனுக்கு மெட்ல ஆட்டிசம்னு வந்து 30,000 கிடைச்சா எல்லாம் போக கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சினது அடுத்த வருஷத்துக்குப் போகும், பின்னாடி காலேஜுக்கும் யூஸ் பண்ணலாம். ஒரே பிள்ளை, ஒரே ஸ்கூல், நடுவுல ஒரு வார்த்தை வித்தியாசம்.

அந்த பிரைவேட் ஸ்கூல பத்தி நான் நல்லதும் சொல்லல கெட்டதும் சொல்லல, 14 பசங்க கிளாஸ் சில பிள்ளைகளுக்கு நிஜமாவே பெரிய விஷயம், சத்தம் குறைஞ்சாலே பாதி பிரச்சனை போயிடும். ஆனா நேர்ல போய் உக்காந்து கேளுங்க, ஸ்பெஷல் எட் சர்டிஃபிகேட் இருக்கற டீச்சர் அங்க யாரு, அவங்க முழு நேரமா, அவன் கிளாஸ விட்டு எழுந்து ஓடினா யார் பின்னாடி போவாங்க, தனியா ஒரு எய்ட் (கூடவே இருக்கற உதவி ஆள்) வேணும்னு சொன்னா அந்த சம்பளம் யார் தலைல. வெளி ஸ்பீச் தெரப்பிஸ்ட் ஸ்கூலுக்குள்ள வந்து பண்ண விடுவாங்களா, இல்ல நீங்க மத்தியானம் ஆஃபீஸ விட்டுட்டு கூட்டிட்டு ஓடணுமா. பதில மெயில்ல கேட்டு வாங்குங்க. ஸ்கூல் எத்தனை வருஷமா நடக்குதுன்னும் கேளுங்க, மேசால சார்ட்டரா ஓட முடியாத ஒரு ஸ்கூல் பிரைவேட்னு போர்டு மாத்தி ஈஎஸ்ஏ பணத்துல நடந்து கொஞ்ச நாள்ல மூடினது செய்தில வந்துச்சு. அடுத்த வருஷ ஃபீஸையும் கேட்டுக்கோங்க, அயோவால இதே மாதிரி திட்டம் வந்தப்ப பிரைவேட் ஸ்கூல்கள் ஃபீஸ ஏத்தினத பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க, இங்க மட்டும் ஏத்த மாட்டாங்கன்னு நம்ப எனக்கு காரணம் தெரியல.

இந்தத் திட்டம் 2011ல உங்க பையன மாதிரி ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைகளுக்காகத்தான் ஆரம்பிச்சது, அமெரிக்கால இந்த மாதிரி அக்கவுண்ட் முதல்ல வந்தது அரிசோனாலதான். எல்லாருக்கும் விரிக்கப் பாத்தத 2018ல ஜனங்க ஓட்டுப் போட்டு, கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர், வேணாம்னாங்க. 2022ல கவர்னர் டூசி மறுபடி சட்டம் போட்டு எல்லாருக்கும் திறந்துட்டார், அப்ப முதல்ல ஓடி வந்து அப்ளை பண்ணவங்கள்ல முக்கால்வாசி பேர் ஏற்கனவே பப்ளிக் ஸ்கூல்ல இல்லாதவங்க, அதாவது ஏற்கனவே கைக்காசுல கட்டிட்டு இருந்த ஃபீஸ இனி ஸ்டேட் கட்டுதுன்னு ஆச்சு. பெரிய பெரிய தொகை போகுது, கவர்னர் ஹாப்ஸ் கட்டுப்படுத்தணும்ங்கறாங்க, லெஜிஸ்லேச்சர் ஒத்துக்கல, இந்த இழுபறி ஓயல. உங்களுக்கு இதுல தேவையான விஷயம் ஒண்ணுதான், விதி வருஷா வருஷம் மாறுது, போன வருஷம் வாங்கினவங்க சொல்றத நம்பாம அந்தந்த வருஷ ஹேண்ட்புக்க பாத்துக்கோங்க.

செலவு பண்றது எப்படின்னும் சொல்லிடறேன், ஏன்னா வாங்கினவங்க மாட்டிக்கறது இங்கதான். பணம் நாலு தவணையா கிளாஸ்வாலெட்ங்கற தளத்துல வரும், பேங்க் அக்கவுண்ட்டுக்கு சும்மா வராது. ஃபீஸ், தெரப்பி, ட்யூஷன், புக்ஸ், டெஸ்ட் ஃபீஸ் இதெல்லாம் ஓகே. 2024ல அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ் சொன்னதுக்கப்புறம் பாடத்திட்டத்துக்குத் தேவைன்னு காட்டாம பென்சில் நோட்டு வாங்கறதுல கூட பெரிய ரகளை ஆச்சு, அந்த வருஷ கடைசில பாத்தா 2,000 டாலருக்குக் கீழ இருக்கற பில்லெல்லாம் தானா அப்ரூவ் ஆகும், அப்புறமா ஆடிட் பண்ணுவோம்னு டிபார்ட்மெண்ட் மாத்திச்சு. இதுல ஏமாறாதீங்க, அப்ரூவ் ஆச்சுங்கறதுக்காக அது அனுமதிச்ச செலவுன்னு அர்த்தம் இல்ல, பின்னாடி ஆடிட்ல தப்புன்னா திருப்பிக் கட்டணும். எல்லா பில்லையும் பிள்ளை பேரோட, தேதியோட ஒரு ஃபோல்டர்ல போட்டு வையுங்க. இன்னொண்ணு, ஈஎஸ்ஏ வாங்கிட்டு அதே நேரத்துல எஸ்டிஓ ஸ்காலர்ஷிப்பும் (வரிச் சலுகை நன்கொடைல இருந்து பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்குத் தர்ற உதவி) வாங்க முடியாது, பிரைவேட் ஸ்கூல் ஆஃபீஸ்ல ரெண்டு ஃபார்மும் கொடுத்தாங்கன்னா ஜாக்கிரதை.

பொண்ணு விஷயம் சுலபம். சார்ட்டர் ஸ்கூலும் பப்ளிக் ஸ்கூல்தான், அங்க படிச்சுட்டு ஈஎஸ்ஏ வாங்க முடியாது, மேத்ஸ் கிளாஸ், பாட்டு கிளாஸ் எதுக்கும் கிடையாது. வாங்கணும்னா அவள வெளில எடுக்கணும். சார்ட்டர்ல சந்தோஷமா இருக்காளா? விட்டுடுங்க. அரிசோனால 1994ல இருந்தே சார்ட்டரும் ஓப்பன் என்ரோல்மெண்ட்டும் இருக்கு, பக்கத்து டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல கூட இடம் இருந்தா ஃபீஸ் இல்லாம சேக்கலாம், அதுவும் ஸ்கூல் சாய்ஸ்தான். பையனுக்கும் சொல்றேன், பிரைவேட்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க டிஸ்ட்ரிக்ட்லயே ஆட்டிசத்துக்கு தனி புரோகிராம் இருக்கற வேற ஸ்கூல் இருக்கான்னு ஐஇபி மீட்டிங்லயே கேளுங்க, கேக்காத வரைக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க.

நீங்க கேக்காத ஒண்ணு. பையன் இங்க பொறந்தவன், சிட்டிசன். ஆட்டிசம் டயக்னோஸிஸ் இருக்கறதால ஸ்டேட்டோட டிடிடிக்கு (வளர்ச்சிக் குறைபாடு இருக்கறவங்களுக்கான பிரிவு), கூடவே ஆல்டெக்ஸுக்கு (நீண்ட காலப் பராமரிப்புக்கான ஸ்டேட் மெடிக்கெய்ட்) அப்ளை பண்ணிப் பாருங்க, அன்றாட வேலைகள்ல எவ்வளவு உதவி தேவைப்படுதுன்னு வந்து பாத்துதான் தகுதிய முடிவு பண்ணுவாங்க. ஆல்டெக்ஸ்ல பிள்ளைக்குப் பாக்கும்போது அப்பா அம்மா சம்பளத்த எடுத்துக்கறதில்ல, அதனால "ரெண்டு பேரும் ஐடில இருக்கோம், எங்களுக்கு எங்க கிடைக்கும்"னு நீங்களே முடிவு பண்ணி விட்டுடாதீங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் அங்கதான் கோட்ட விடறாங்க. கிடைச்சா ஸ்பீச், ஓடி, ஹேபிலிட்டேஷன் (அன்றாட வேலைகளப் பழக்கறது) இதெல்லாம் வீட்டுக்கே வரும், அப்ப மேல போட்ட கணக்கே மாறிடும். ஆஃபீஸ் இன்ஷூரன்ஸ்ல ஏபிஏ (ஆட்டிசத்துக்குத் தர்ற பழக்க வழக்க தெரப்பி) கவர் ஆகுதான்னும் எச்ஆர்ல கேட்டுக்கோங்க.

கிரீன் கார்டுக்கு, ஈஎஸ்ஏ கல்விக்கான பணம், வருமானத்துக்குப் பதிலா கொடுக்கற கேஷ் உதவி இல்ல, 2022 பப்ளிக் சார்ஜ் விதில (கிரீன் கார்டு கேக்கறவங்க அரசாங்கத்துக்கு பாரமாவாங்களான்னு பாக்கற விதி) முக்கியமா பாக்கறது அந்த மாதிரி கேஷ் உதவியத்தான். பிள்ளை சிட்டிசனா இருந்து அவன் பேர்ல வாங்கற உதவி உங்க கணக்குல வராதுன்னும் அதே விதில இருக்கு. ஆனா அந்த விதியவே மாத்தற பேச்சு வாஷிங்டன்ல ஓடிட்டு இருக்கு, அதனால ஈஎஸ்ஏ, ஆல்டெக்ஸ் ரெண்டையும் உங்க கம்பெனி இமிகிரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மெயில்ல கேட்டு பதில வெச்சுக்கோங்க, குரூப்ல கேக்காதீங்க. டாக்ஸ் பத்தி கவலை வேணாம், ஈஎஸ்ஏ பணம் பேரண்ட்டோட வரி கட்டற வருமானம் இல்லன்னு அரிசோனா சட்டத்துலயே இருக்கு.

எல்லாம் முடிஞ்சு மெட் கைக்கு வந்து, ஸ்கூல் பதில் எழுத்துல வந்து, கணக்கும் சரியா வந்து நீங்க போகணும்னு முடிவு பண்ணா தாராளமா போங்க. இப்ப வந்திருக்கற மெயில் காலாவதியானா ஆகட்டும், ஈஎஸ்ஏ வருஷம் பூரா அப்ளை பண்ணலாம், கடைசி தேதின்னு உங்கள விரட்ட யாருக்கும் உரிமை இல்ல, சீட்டு போயிடும்னு பிரைவேட் ஸ்கூல் ஆஃபீஸ் விரட்டினா அது அவங்க பிரச்சனை. டிஸ்ட்ரிக்ட்ல வித்ட்ரா பண்ற தேதியும் காண்ட்ராக்ட் தேதியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பாத்துக்கோங்க, ரெண்டு இடத்துலயும் பேர் இருந்தா பணம் நிக்கும். ஹோம்ஸ்கூல் அஃபிடவிட் ஃபைல் பண்ணாதீங்க, ஈஎஸ்ஏ பிள்ளை சட்டப்படி ஹோம்ஸ்கூல் பிள்ளை இல்ல. பிடிக்கலைன்னா திரும்பி வரலாம், ஈஎஸ்ஏய குளோஸ் பண்ணிட்டு உங்க ஏரியா டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலுக்குப் போனா சேர்த்துக்கிட்டே ஆகணும், ஆனா பழைய ஐஇபி அப்படியே காத்துட்டு இருக்காது, டீம் மறுபடி உக்காந்து எழுதணும், அதுக்கு வாரக்கணக்கா ஆகும்.

நாத்தனார் சொன்னது அவங்க ஊருக்கு சரி. டெக்சஸ்ல 2025 மே மாசம் கவர்னர் அபாட் கையெழுத்துப் போட்ட திட்டம் அது, முதல்ல ஒதுக்கினது 1 பில்லியன் டாலர், அதுக்கு மேல ஆள் வந்தா யாருக்கு முன்னுரிமைன்னு வரிசை இருக்கு, குலுக்கல் இருக்கு, அப்ளை பண்றதுக்கு கடைசி தேதியும் இருக்கு. இங்க எண்ணிக்கைக்கு வரம்பும் இல்ல, வருமான வரம்பும் இல்ல, குலுக்கலும் இல்ல. அவங்களுக்கும் பிள்ளைங்க இருந்தா டெக்சஸ் விதிய தனியா பாக்கச் சொல்லுங்க, நான் மேல எழுதினத ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.